கல்லடி, கண்ணடி, பந்தடி

“அடுத்த ஞாயிறு ஸ்கவுட் வாறாராம்” என்று மகன் சொன்னபோது, உடைந்துகொண்டிருந்த அவன் குரல் இன்னும் கொஞ்சம் உடைந்தது.

என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். “சாரணரோ? நல்லது. நானும் பள்ளிக்கூடத்திலை இருந்தனான். கயிறு முடிச்சுப் போடுறதிலை பரிசு கூட எடுத்தனான்.”

மகன் என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பேஸ்பால் பற்றிய பேச்சு எப்போதும் இப்படித்தான் தொடங்கும்.

இந்த ஸ்கவுட் கயிற்றில் முடிச்சுப் போடுகிறவர் இல்லை. அமெரிக்காவில் பேஸ்பாலைத் தொழிலாக ஆடும் அணி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய், நன்றாக ஆடும் பிள்ளைகளைத் தேடுகிறவர். ஐரோப்பா முழுவதும் அவருடைய பொறுப்பு. லண்டனிலிருந்து இரண்டு பிள்ளைகளை நெதர்லாந்தில் நடக்கும் கோடைக்காலப் பயிற்சி முகாமுக்குத் தேர்ந்தெடுக்க வருகிறார். அங்கே நன்றாக ஆடினால் மேலே கதவுகள் திறக்கும். பதினாறு வயதான என் மகனுக்கு அந்த வருடம் அந்த முகாமுக்குப் போவதைத் தவிர வேறு ஆசையே இருக்கவில்லை. பரீட்சை, புது சப்பாத்து, பிறந்தநாள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவன் பந்து எறிகிறவன். பேஸ்பாலில் அதுதான் பெரிய வேலை. ஒரு சின்ன மண்மேட்டில் நின்று, எதிரே மட்டையோடு நிற்கிறவன் தொட முடியாதபடி எறிய வேண்டும். என் கணவருக்கு இது தீராத துக்கம். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடி, லூயிஷாமிலும் கிரிக்கெட் ஆடி, மகனுக்கு நடக்க வரும் முன்பே மட்டை வாங்கி வைத்த மனிதர். “பந்து நிலத்திலை படாமல் வாறதெல்லாம் ஒரு பந்தே? கையுறை போட்டுக்கொண்டு பிடிக்கிறதும் ஒரு பிடியே?” என்று புலம்புவார். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நான் கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் ‘எல்லே’ ஆடியவள். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுகிற ஆட்டம் அது. முதல் நாள் பூங்காவில் பேஸ்பாலைப் பார்த்ததுமே, அட, இது நம்முடைய எல்லேதானே என்று எனக்கு விளங்கிவிட்டது. எல்லேயில் ஓடுகிறவளைப் பந்தால் எறிந்தே வெளியேற்றலாம். அந்த அருமையான சட்டம் இங்கே இல்லை என்பது மட்டும்தான் என் குறை.

மைதானம் லண்டனின் மேற்கு எல்லையில். நாங்கள் இருப்பது தென்கிழக்கில். ஞாயிறு காலைப் பூசையை விட்டுவிட்டு சனி மாலைப் பூசைக்கு மாறினோம். “கடவுளுக்கு ஞாயிறு லீவோ?” என்று சுவாமியார் கேட்டார். “இல்லை ஃபாதர், பேஸ்பால்” என்றேன். அவருக்கும் சாரணர் அளவுக்குத்தான் விளங்கியது.

ஸ்கவுட் வருவதற்கு முந்தின ஞாயிறு பயிற்சியாளர் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டுப் புல்லில் உட்கார்த்தினார். வெனிசுவேலாக்காரர். வார நாட்களில் லிஃப்ட் திருத்தும் வேலை, ஞாயிறு பிள்ளைகளைத் திருத்தும் வேலை. பிள்ளைகளுக்கு அவர் சொன்னது இவ்வளவுதான். வேகம் அளக்கும் கருவியைப் பார்க்காதே. நேற்று எறிந்த மாதிரி எறி. அவருக்காக ஒரு புதுப் பந்தைக் கண்டுபிடிக்காதே. கேட்டால் நீயே பதில் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். பெற்றோருக்குத்தான் நீளமான பிரசங்கம். பந்தைத் தடுக்கும் வலைக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள். பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் வாய் திறக்காதீர்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களிடமே ஏதாவது கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள், கொஞ்சமாகச் சொல்லுங்கள்.

உண்மை சொல்வது எனக்குப் பிரச்சினை இல்லை, கொஞ்சமாகச் சொல்வதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டிலும் கோட்டைவிடப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

எனக்குப் பக்கத்தில் ஹரோவிலிருந்து வரும் அப்பா ஒருவர் எல்லாவற்றையும் போனில் பதிந்துகொண்டிருந்தார். தமிழ்நாட்டுக்காரர், வங்கியில் பெரிய வேலை. அவருடைய மகன்தான் என் மகன் எறியும் பந்தைக் குந்தியிருந்து பிடிக்கிறவன். “ஏங்க, பையனுக்கு வீடியோ ரெடி பண்ணிட்டீங்களா? நான் மியூசிக் எல்லாம் போட்டு ஒண்ணு பண்ணியிருக்கேன்” என்றார்.

“நாங்கள் ரோல்ஸ் பொரிக்கிறதெண்டு இருக்கிறம்” என்றேன்.

அவர் போனை மடியில் வைத்துவிட்டு, “ஆமா, அதுவும் நல்ல ஐடியாதான்” என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் ஆட்டிறைச்சி ரோல்ஸுக்கு ஏற்பாடு செய்ததைப் பார்த்து என் கணவருக்குச் சிரிப்பு. “பொம்பிளை பார்க்க வாறவைக்குப் பலகாரம் சுடுற மாதிரியல்லோ நிக்கிறீர்” என்றார். உண்மைதான். வேறு எப்படி நடந்துகொள்வது? யாரோ முன்பின் தெரியாத ஒருவர் வந்து, உட்கார்ந்து, நம் பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, நடக்கச் சொல்லி, ஓடச் சொல்லி, பிறகு அறிவிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போவதற்கு நம்மிடம் ஒரே ஒரு முன்மாதிரிதான் இருக்கிறது.

இங்கே என் நோயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கண்ணூறு பயம். நான் வேலை செய்வது கண் பரிசோதிக்கும் கடையில். காலையிலிருந்து மாலை வரை மற்றவர்களின் கண்களைக் கருவிக்கு முன்னால் உட்கார வைப்பதுதான் என் பிழைப்பு. கண்ணுக்குள் இருந்து ஒன்றும் வெளியே பாய்வதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கேட்டு வளர்ந்த காது, கருவி சொல்வதைக் கேட்குமா? யாராவது பிள்ளையைப் புகழ்ந்தால் அந்த இடத்திலேயே ஒரு குறையைச் சொல்லி அந்தப் புகழை வெட்டிவிட வேண்டும். “மகன் நல்லா வளர்ந்திட்டான்” என்றால், “எங்கை, ஒழுங்காச் சாப்பிடுறானே!” “கெட்டிக்காரனாம்” என்றால், “சரியான பஞ்சி பிடிச்ச சோம்பேறி.” எங்கள் மாதா கோவில் வாசலில் எல்லாத் தாய்மாரும் இப்படித்தான் பேசுவோம். தன் மகள் டாக்டருக்குப் படித்து முடித்த அன்று ஒரு தாய் “ஏதோ படிச்சு முடிச்சிட்டாள்” என்றார். “ஏதோ” என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய பட்டம் இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கும். கேட்கிறவர்கள் மனதுக்குள் கூட்டிக்கொள்வார்கள். ஒருவரும் ஏமாறுவதில்லை.

அந்த ஞாயிறு நல்ல வெயில். கோட்டும் சூட்டுமாக ஒருவரை எதிர்பார்த்து நான் ரோல்ஸ் பெட்டியோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கவுட்டோ எப்போதோ வந்து, வெளிறிய தொப்பியும் மடக்கு நாற்காலியுமாக வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மீன் பிடிக்க வந்தவர் என்றுதான் நான் நினைத்தேன்.

மற்றப் பிள்ளைகள் எறியும்போது ஒவ்வொரு பந்துக்கும் பிறகு கழுத்து அந்த வேகக் கருவியின் பக்கம் திரும்பியது. கூடிய வேகத்துக்கு ஆசைப்பட்டு ஒருவன் எறிந்த பந்து வலையைத் தாண்டி யாருடைய நாயையோ விரட்டியது. என் மகன் திரும்பவில்லை. வழக்கம்போலவே எறிந்தான். ஹரோ பையனின் கையுறைக்குள் பந்து டப்பென்று விழும் சத்தம் கார் நிறுத்துமிடம் வரை கேட்டது. கிரிக்கெட்காரரான இவர் கூட ஒரு பந்துக்கு “அட!” என்று சொல்லிவிட்டு, சொன்னதை மறைக்க இருமினார். எறிந்து முடித்த ஒவ்வொரு முறையும் மகன் கையை ஒருதரம் உதறினான். அது ஏதோ ஸ்டைலாக்கும் என்று நான் நினைத்தேன்.

பிறகு ஸ்கவுட் பிள்ளைகளோடு தனித்தனியாகப் பேசினார். ஹரோ பையனிடம், பந்து பிடிப்பதில் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். “தலைமைப் பண்பு, சார்” என்று அப்பா பதில் சொன்னார். பள்ளியில் என்ன பாடம் பிடிக்கும் என்று கேட்டார். “கணக்கு, சார்” என்றார் அப்பா. ஸ்கவுட் மிகவும் மரியாதையாக, இங்கே எங்கே தேநீர் கிடைக்கும் என்று அவரிடம் கேட்டார். மனுஷன் வாங்கிவர ஓடினார். அவர் போன பிறகுதான் பையன் வாயைத் திறந்து சிரித்துச் சிரித்துப் பேசினான். நான் இதைப் பார்த்து, நல்ல காலம் நாங்கள் அப்படி இல்லை என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

அடுத்ததாக ஸ்கவுட் எங்கள் பக்கம் வந்தார். பக்கத்தில் என் கணவர், மகன், பயிற்சியாளர். ஸ்கவுட் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துத் தலையாட்டிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார்:

“உங்கள் மகனுக்கு அருமையான கை. இந்த வருடம் நான் பார்த்ததிலேயே அழகான கை.”

பட்டப்பகல். நாலு குடும்பம் கேட்டுக்கொண்டு நிற்கிறது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் பிள்ளையைப் பொதுவாகப் புகழாமல், குறிப்பாக ஓர் உறுப்பைச் சுட்டிப் புகழ்கிறார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“ஐயோ, இல்லை இல்லை! எப்போது பார்த்தாலும் முழங்கை நோகிறது என்பான். ஒரு அரிசி மூட்டை கூடத் தூக்க மாட்டான்!”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஸ்கவுட்டின் கை ரோல்ஸோடு பாதி வழியில் நின்றது. முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது. பயிற்சியாளர் மகனைப் பார்த்தார். மகனின் காது சிவந்தது. “என்னப்பா சொல்லிப் போட்டீர்!” என்றார் இவர் பல்லுக்குள்ளே. பந்து எறிகிற பிள்ளையைப் பார்க்க வந்தவரிடம் முழங்கை நோகிறது என்று சொல்வது, பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணுக்கு வலிப்பு என்று சொல்வதற்குச் சமம் என்பது எனக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

“எவ்வளவு நாளாக?” என்று ஸ்கவுட் என்னைக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து இரண்டு கையிலும் தேநீரோடு ஹரோ அப்பா வந்து சேர்ந்தார். நடந்ததை ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். “திருஷ்டிக்காகச் சொன்னீங்களா?” என்று என்னிடம் மெல்லக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் தேநீரை என் கணவர் கையில் திணித்துவிட்டு ஸ்கவுட்டிடம் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். சார், இது எங்கள் வழக்கம். பிள்ளையைப் புகழ்ந்தால் கண் படும். அதனால் தாய்மார் இல்லாத குறையைச் சொல்வார்கள். என் மனைவியும் இப்படித்தான், நம்பாதீர்கள், பையன் கை இரும்பு. ஒரு வங்கிக்காரர் கண்ணூறை இவ்வளவு தெளிவாக விளக்கி நான் கேட்டதில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “கவலைப்படாதீங்க, சரி பண்ணிட்டேன்” என்றார். அந்த மனிதரை அப்போது நான் கும்பிட்டிருப்பேன்.

ஸ்கவுட் முழுவதையும் கேட்டார். கேலியாகச் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டிவிட்டு என் மகனைப் பார்த்தார்.

“அப்படியென்றால் நீயே சொல். கை நோகிறதா, இல்லையா?”

இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். வழி திறந்து கிடக்கிறது, அம்மாவின் மூடநம்பிக்கை என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போகலாம், முகாம் கையில். நான் புனித அந்தோனியாரிடம், இல்லை என்று சொல்ல வையும் என்று மன்றாடினேன். மன்றாடிக்கொண்டே அவன் கையைப் பார்த்தேன். இடது கை வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த மாதம் அரிசி மூட்டையை இடக் கையால் இழுத்து வந்தானே, சட்டையை ஒரு பக்கமாகத் தோளைச் சாய்த்துப் போட்டானே என்று ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தது. பஞ்சி என்று நான் ஏசியதெல்லாம் பஞ்சி இல்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவன் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அன்று ஸ்கவுட் ஆங்கிலத்தில் கேட்டதற்கு அவன் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

“ஓம் அம்மா. நோகுது.”

பிறகு திரும்பி ஸ்கவுட்டிடம் ஆங்கிலத்தில் சொன்னான். குளிர்காலத்திலிருந்து நோகிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எறிய விட மாட்டார்கள் என்று பயம். எனக்கு அழுகையும் வந்தது, அவனைப் பிடித்து நாலு அடி போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் ரோல்ஸ் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஸ்கவுட் அவன் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. “சொன்னதற்கு நன்றி” என்றார். “இந்த வருடம் உன்னைக் கூட்டிப்போக முடியாது. டாக்டரிடம் காட்டு, ஓய்வு கொடு. நோவை ஒளித்து வைத்த பிள்ளைகளின் கைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர்களை இரண்டாவது தடவை பார்க்கக் கிடைப்பதில்லை. அடுத்த வசந்தத்தில் வருவேன்.” போகும்போது இன்னொரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தேர்வானவர்களில் ஒருவன் ஹரோ பையன். அவன் அப்பாவை வாழ்த்தப் போனேன். மனுஷனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும், “ஏதோ கெடைச்சிருக்குங்க” என்றார். அந்த ஒரு “ஏதோ”வுக்காக அவரை எனக்கு என்றைக்கும் பிடிக்கும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கார் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது பின் இருக்கையிலிருந்து மகன் கேட்டான்.

“அம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“என்ன?”

“என்ரை கை நோகுறது.”

“எனக்குத் தெரியாது தம்பி. நான் சும்மா பொய் சொன்னனான்.”

முன்னாலிருந்து இவர் தொடங்கினார். “பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணும் எண்டுறது இதைத்தான்” என்று ஸ்டியரிங்கில் கையால் அடித்து அடித்துச் சிரித்தார். மகன் சிரித்தான். நானும் சிரித்தேன். விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடிக்கும் வரை சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவன் கன்னத்தைத் துடைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அவன் எதற்கு எவ்வளவு ஆசைப்பட்டான் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் பார்த்தார். வளரும் எலும்பில் வீக்கம், இன்னும் கொஞ்ச நாள் இப்படியே எறிந்திருந்தால் கத்தி வைக்க வேண்டி வந்திருக்கும் என்றார். மாதக்கணக்கில் பந்தைத் தொடக்கூடாது. அந்தக் காலத்தில் அவன் ஓடினான், குந்தி எழும்பினான், ஹரோ பையனை எறியச் சொல்லி என்னை ஒரு நாள் மட்டையோடு நிற்க வைத்து, எல்லே ஆடியவளின் அடி இன்னும் போகவில்லை என்று ஒத்துக்கொண்டான். மறுபடி எறியத் தொடங்கும்போது மெதுவாக, கிட்ட நின்று, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு எதிரே நின்று பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஒரு மாலை வேலையால் வந்தபோது பார்க்கிறேன், வீட்டுக்குப் பின்னால் இவர் கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

“கையுறை போட்டுப் பிடிக்கிறதும் ஒரு பிடியே?” என்று கேட்டேன்.

“நீர் உள்ளுக்குப் போம்” என்றார்.

குளிர்காலம் முழுக்கப் பிடித்தார். கடைசியில் பந்தின் வேகம் தாங்காமல் பயிற்சியாளரிடம் தடித்த கையுறை ஒன்று கேட்டு வாங்கினார். அதைப் பற்றி ஒரு சொல் கூட என்னிடம் சொல்லவில்லை.

வசந்தம் வந்தது. ஸ்கவுட்டும் வந்தார், அதே தொப்பி, அதே நாற்காலி. இந்த முறை நான் அவரை அடையாளம் கண்டுகொண்டேன். அவர் மகனிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“இந்த வருடம் கை எப்படி, அம்மணி? உங்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைத்து வந்தேன்.”

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். ஹரோ அப்பா, இந்த முறை மீட்க ஆளில்லை என்பதுபோல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கை நன்றாக இருக்கிறது. நோவே இல்லை. முன்னைவிடப் பந்து அழகாகப் போகிறது. இதுதான் உண்மை, இதைச் சொன்னால்தான் பிள்ளைக்கு நல்லது. ஆனால் பெற்ற தாய் இதை எப்படித் தன் வாயால் சொல்வது? உண்மைக்கும் கண்ணூறுக்கும் நடுவில் ஒரு சொல்லைத் தேடினேன். தமிழில்தான் அகப்பட்டது. அதை ஆங்கிலத்தில் போட்டேன்.

“பரவாயில்லை” என்றேன்.

ஸ்கவுட்டின் முகம் கொஞ்சம் வாடியது. அவருடைய மொழியில் அது ஒரு நடுத்தரமான பதில். பக்கத்தில் நின்ற மகன் சிரித்துவிட்டான்.

“சேர், என் அம்மாவின் மொழியில் அதற்கு மேலே சொல் இல்லை” என்றான்.

மண்மேட்டுக்குப் போக நடந்தவன், இரண்டடி திரும்பி வந்து என் முன்னால் தலையைக் குனிந்து நின்றான். “கெதியாச் செய்யுங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம்.” சின்ன வயதில் பூங்காவில் நான் இதைச் செய்தால் வெட்கத்தில் காத தூரம் ஓடுகிறவன். அவன் முகத்தை வழித்து, விரல்களை என் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தேன். எல்லா விரலும் படபடவென்று முறிந்தன. ஸ்கவுட் அதையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் மகன் முகாமுக்குப் போனான். அங்கே எப்படி எறிந்தான் என்று என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்.

ஏதோ எறிந்தான். பரவாயில்லை.